ஆலிலை வைத்த குவியல்கள்

மலையடிவாரக் காட்டில் ஒரு பாறைக் குகை இருந்தது. கோடை வந்தால் அந்தக் காட்டில் நான்கு மாதத்துக்குப் பச்சையாக எதுவும் மிஞ்சாது. அதனால் மழைக்காலத்திலேயே எல்லா விலங்குகளும் கிழங்கும் கொட்டையும் கொண்டுவந்து குகைக்குள் குவியல் குவியலாகச் சேர்த்துவிடும். கோடையில் அதைத் தின்று உயிரோடு இருக்கும்.

எந்தக் குவியலை யார் தின்னலாம் என்று தெரிய வேண்டும் அல்லவா? அதற்காக ஒவ்வொரு குவியலின் மேலும் ஓர் இலையை வைத்து, பறக்காமல் இருக்க ஒரு கல்லையும் வைப்பது வழக்கம். ஆலிலை இருந்தால் யாரும் தின்னலாம். புங்க இலை இருந்தால் பெரிய விலங்குகள் மட்டும் தின்னலாம். எருக்கிலை இருந்தால் யாருமே வாய்வைக்கக் கூடாது. இலையே இல்லாவிட்டால் இன்னும் தெரியவில்லை என்று பொருள். அதையும் யாரும் தொடுவதில்லை.

இலை வைக்கிற வேலை ஒரு பெண் காட்டுப்பன்றியுடையது. அது ஒரு கிழங்கை எடுத்துப் பல்லால் தோலைச் சுரண்டும். கண்ணை மூடிக்கொண்டு முகரும். சில சமயம் நுனியைக் கடித்துப் பார்த்துத் துப்பும். பிறகுதான் இலையை வைக்கும். சந்தேகம் வந்தால் வைக்காது. மறுநாள் வந்து மறுபடி முகரும். ஒரு நாளைக்கு நாற்பது குவியல். அதற்கு மேல் மூக்கு மரத்துப்போகும்.

போன கோடையில் பாதிக் குவியல்களுக்கு இலை இல்லை. பன்றியால் முடியவில்லை. இலையில்லாத ஒரு குவியலின் முன்னால் படுத்து ஒரு சருகுமானின் குட்டி பட்டினியில் செத்தது. அந்தக் குவியலில் இருந்தது நல்ல வள்ளிக்கிழங்கு. குட்டி செத்து ஐந்து நாள் கழித்துத்தான் பன்றி அதை முகர்ந்து பார்த்து ஆலிலை வைத்தது.

சருகுமான் இந்த வருடம் மறுபடி ஒரு குட்டி போட்டது. முயலைவிடச் சிறியது. கால்கள் குச்சி குச்சியாக இருந்தன. "இதையாவது அடுத்த மழை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துடணும்" என்று சருகுமான் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொன்னது.

மழை தொடங்கியதும் குகையைப் பார்த்துக்கொள்ளும் கருமந்திக் குரங்கு எல்லோரையும் கூட்டியது. பக்கத்து மலையில் தீப்பிடித்து அங்கிருந்த விலங்குகளும் இங்கே வந்திருந்தன. வாய்கள் அதிகம். குவியல்களும் அதிகம்.

"இந்த வருஷம் மூவாயிரம் குவியல் வரும்" என்றது கருமந்தி. "பன்றி அக்கா ஒருத்தரே எல்லாத்துக்கும் இலை வைக்க முடியுமா?"

"அக்கா மூக்கைத் துடைச்சுட்டு வர்றதுக்குள்ள அடுத்த மழையே வந்துரும்" என்றது ஒரு முயல். எல்லோரும் சிரித்தார்கள். பன்றியும் சிரித்தது.

அப்போது மைனாக் கூட்டத்தின் தலைவி முன்னால் வந்தாள். குகைக் கூரையில் இருந்த பொந்தில்தான் மைனாக்கள் மூன்று வருடமாகக் குடியிருந்தன. பன்றி வைத்த ஒவ்வோர் இலையையும் மேலிருந்து பார்த்திருந்தன.

"எங்களுக்கு முகர வேண்டாம். பார்த்தாலே போதும்" என்றாள் மைனா. "நிறம், தோல், வேர் முடி, மண்ணு. இதெல்லாம் இருந்தா என்ன இலைன்னு அக்கா வெச்சதையெல்லாம் பார்த்துப் பார்த்தே படிச்சுக்கிட்டோம்."

"எங்கே, சொல்லு பார்ப்போம்" என்றது கருமந்தி.

நூறு பழைய குவியல்களின் இலைகளை எடுத்து மறைத்தார்கள். மைனாக்கள் மேலே ஒரு வட்டம் அடித்தன. ஒரு கொட்டையை உடைக்கிற நேரத்தில் நூறுக்கும் பதில் சொல்லிவிட்டன. மறைத்த இலைகளை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தொண்ணூற்றேழு சரி.

கூட்டம் ஆரவாரம் செய்தது.

பன்றி மட்டும் கேட்டது. "தெரியலைன்னு எத்தனைக்குச் சொன்னே?"

"ஒண்ணுக்குக்கூடச் சொல்லலை" என்றாள் மைனா பெருமையாக.

"தப்பாப்போன மூணுக்கும்?"

"அதுக்கும்தான்."

"அந்த மூணைச் சொல்லும்போது உனக்கு ஏதாச்சும் வித்தியாசமா இருந்துச்சா?"

மைனா தலையைச் சாய்த்து யோசித்தாள். "இல்லையே. எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்துச்சு."

"அதான் எனக்குப் பயமா இருக்கு" என்றது பன்றி.

சருகுமான் கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தது. அது பொதுவாகக் கூட்டத்தில் பேசாது. இப்போது பேசியது. "அக்கா, நீ பயந்து பயந்து விட்ட குவியல் முன்னாடிதான் என் குட்டி செத்துச்சு."

பன்றி தலையைக் குனிந்துகொண்டது.

"உன்னைக் குத்திக்காட்டலை அக்கா. இந்தக் குட்டிக்காகக் கேக்கறேன். மைனாக்களே வைக்கட்டும்."

கருமந்தி நெற்றியைச் சொறிந்தது. அதற்கு யாரையும் மனம் நோகச்செய்யப் பிடிக்காது. "ஒண்ணு பண்ணலாம். மைனாக்கள் இலை வைக்கட்டும். பன்றி அக்கா பின்னாலேயே வந்து பார்க்கட்டும். தப்பா இருந்தா எடுத்துடட்டும். வேகமும் ஆச்சு, பத்திரமும் ஆச்சு."

எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது. மைனாவுக்கு வேலை கிடைத்தது. பன்றிக்கு மரியாதை போகவில்லை. ஒரு நாளைக்கு நாற்பது முகர்கிற மூக்கு நூறு குவியலின் பின்னால் எப்படி ஓடும் என்று யாரும் கேட்கவில்லை. பன்றியும் கேட்கவில்லை. சருகுமான் சொன்னதைக் கேட்ட பிறகு அதற்கு வாய் எழவில்லை.

இன்னொன்றையும் யாரும் கவனிக்கவில்லை. இதுவரை பன்றி முகரும்வரை குவியல் வெறுமையாக இருந்தது. இனிமேல் பன்றி முகர்வதற்கு முன்பே அதன் மேல் இலை இருக்கும்.

வேலை ஆரம்பமானது. முதல் நாள் மைனாக்கள் நூறு இலை வைத்தன. பன்றி பின்னால் போய் ஒவ்வொன்றாகச் சுரண்டி முகர்ந்தது. மாலைக்குள் நாற்பத்திரண்டு பார்த்தது. ஒன்றே ஒன்றில்தான் தப்பு இருந்தது. இலையை மாற்றியது.

"எத்தனை மாத்தினே அக்கா?" என்று கருமந்தி கேட்டது.

"ஒண்ணு."

"அப்போ மத்த நாற்பத்தொண்ணையும் சும்மாதானே முகர்ந்திருக்கே?"

"முகர்ந்து பார்க்காம அது சும்மான்னு எப்படித் தெரியும் அண்ணே?"

"சரிதான், சரிதான்" என்றது கருமந்தி. "ஆனா மிச்சம் அம்பத்தெட்டு அப்படியே நிக்குதே. நாளைக்கு இன்னும் நூறு வரும். கொஞ்சம் கண்ணாலேயும் பாரு. சந்தேகம் இருக்கிறதை மட்டும் முகர்ந்துக்கோ."

சொன்னதில் தவறு இருப்பதாகத் தோன்றவில்லை. இரண்டாம் வாரம் பன்றி மூன்றில் ஒன்றை முகர்ந்தது, மற்றதைக் கண்ணால் பார்த்தது. நான்காம் வாரம் பத்தில் ஒன்றை முகர்ந்தது. அதற்குப் பிறகு கிழங்கைப் பார்ப்பதும் குறைந்தது. இலையைப் பார்த்தது. ஆலிலை, நடந்தது. ஆலிலை, நடந்தது. மைனா சொன்னதை மறுப்பதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. ஒத்துக்கொள்வதற்கு எந்தக் காரணமும் வேண்டியிருக்கவில்லை.

மைனாக்கள் நல்லவை. அவற்றுக்குக் கள்ளம் தெரியாது. பன்றி ஓர் இலையை மாற்றினால் அதை உடனே பாடமாக எடுத்துக்கொள்ளும். பன்றி மாற்றாமல் கடந்துபோனால் அதையும் பாடமாக எடுத்துக்கொள்ளும். முகர்ந்து பார்த்துவிட்டுக் கடந்ததா, முகராமல் கடந்ததா என்று மேலிருந்து பார்க்கிற மைனாவுக்குத் தெரியாது.

ஒருநாள் வடக்குச் சரிவில் மண் சரிந்தது. அதுவரை யாரும் தோண்டாத கிழங்குகள் வெளியே வந்தன. முள்ளம்பன்றிகள் அவற்றை உருட்டிக்கொண்டு வந்து குகையில் சேர்த்தன. பார்க்க வள்ளிக்கிழங்கு போலவே இருந்தது. அதே பழுப்புத் தோல், அதே சிவந்த வேர் முடி. அது கசப்புவள்ளி. பெரிய விலங்குக்குத் தலை சுற்றும். சிறிய விலங்குக்கு மூச்சு நிற்கும்.

மைனா பார்த்தாள். ஆலிலை வைத்தாள்.

பன்றி பின்னால் வந்தது. அன்றைக்கு அது எண்பதாவது குவியல். கடக்கும்போது ஏதோ ஒரு வாடை மூக்கில் பட்டது. ஊறவைத்த தோல் போல ஒரு வாடை. பன்றி நின்றது. திரும்பிப் பார்த்தது. ஆலிலை அழகாக, நடுவில், கல்லுக்கு அடியில் இருந்தது. நாளைக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்து நடந்தது.

நாளைக்கு வேறு நூறு வந்தன.

'அக்கா நின்னு பார்த்துட்டு விட்டுட்டாங்க. அப்போ சந்தேகமே இல்லை' என்று மைனா படித்துக்கொண்டாள். வடக்குச் சரிவிலிருந்து வந்த எல்லாக் குவியலுக்கும் ஆலிலை விழுந்தது.

கோடை வந்தது. மூவாயிரம் குவியலுக்கும் இலை இருந்தது. இலையில்லாத குவியல் ஒன்றுகூட இல்லை. கருமந்தி குகை வாசலில் நின்று எல்லோருக்கும் அதைக் காட்டியது. சருகுமான் முதல் வள்ளிக்கிழங்கைக் கடித்தபோது அதற்குக் கண் கலங்கியது. குட்டிக்கும் மென்று கொடுத்தது. மடியில் பால் வற்றத் தொடங்கியிருந்தது.

இருபதாம் நாள் இரண்டு முயல்கள் வாசலிலேயே விழுந்து செத்தன. மூன்றாவது முயல் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. கூட்டம் கூடியது. பன்றி ஓடிவந்து அவை தின்ற குவியலைச் சுரண்டி முகர்ந்தது. ஊறவைத்த தோல்.

"இது யார் வெச்ச இலை?" என்று கேட்டது கருமந்தி.

"நாங்கதான் வெச்சோம்" என்றாள் மைனா. "அக்கா பார்த்துட்டு விட்டாங்க. அதை வெச்சுத்தான் மத்ததுக்கும் வெச்சோம்."

எல்லோரும் பன்றியைப் பார்த்தார்கள்.

"ஆமா" என்றது பன்றி. "வாடை வந்துச்சு. நான் முகர்ந்து பார்க்கலை. என் தப்புதான். ஆனா இப்போ அது முக்கியமில்லை. இந்த மாதிரி எத்தனை குவியல் உள்ள இருக்குன்னு தெரியாது. கலந்து கிடக்கு. எல்லா இலையையும் எடுத்துடுங்க. நான் மறுபடி ஒவ்வொண்ணா முகர்ந்துடறேன்."

"எத்தனை நாள் ஆகும்?"

பன்றி கணக்குப் போட்டது. "எழுபது எழுபத்தஞ்சு நாள்."

"அதுவரைக்கும் எதைத் தின்னுறது? பாறையையா?" என்று ஒரு முள்ளம்பன்றி கத்தியது. "பார்க்க வேண்டிய நேரத்துல பார்க்காம, இப்போ எங்களைப் பட்டினி போடப் பார்க்கிறியா!"

"ஒரு நாளைக்கு நாற்பதாவது..."

"மழைக்காலம் பூரா நீ பின்னாடியேதானே நடந்தே? என்னத்தைப் பார்த்துக்கிட்டு நடந்தே?"



கருமந்தி நெடுநேரம் நெற்றியைச் சொறிந்தது. பிறகு சொன்னது. "மைனா மேல தப்பில்லை. அது படிச்சதைச் செஞ்சுது. நம்பிக்கையா ஒருத்தரைப் பின்னால நிறுத்தினோம். அங்கதான் ஓட்டை. இனிமே மைனாக்களே பார்த்துக்கட்டும். அக்கா குகைப் பக்கம் வர வேண்டாம். அக்காவைப் பார்த்தாலே எல்லாரும் சாப்பிடப் பயப்படறாங்க."

செத்த முயல்கள் தின்ற குவியலுக்கு மைனா எருக்கிலை வைத்தாள். அந்த ஒரு குவியலுக்கு மட்டும்.

பன்றி வறண்ட ஓடையில், ஒரு நாவல் மரத்தடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

மறுநாள் காலை சருகுமான் அங்கே வந்தது. வாயில் ஒரு கிழங்குத் துண்டு. அதைப் பன்றியின் முன்னால் வைத்தது.

"முகர்ந்து சொல்லு அக்கா."

"உள்ள வரக் கூடாதுன்னுட்டாங்களே."

"அதான் நான் வெளிய கொண்டுவந்துட்டேனே."

பன்றி முகர்ந்தது. "நல்லது. தின்னலாம்."

சருகுமான் அதைக் கவ்விக்கொண்டு போனது. அதன் பிறகு தினமும் வந்தது. கசப்புவள்ளியாக இருந்தால் பன்றி தலையை ஆட்டும். சருகுமான் திரும்பிப் போய் வேறொரு குவியலிலிருந்து எடுத்துவரும். குகைக்கும் ஓடைக்கும் நடுவில் நிழலே இல்லை. பாறை கொதிக்கும். குட்டியைக் கூட்டிவந்தால் தாங்காது. அதனால் அதைக் குகைக்குள்ளேயே விட்டுவிட்டு வரும்.

"நீ ஏன் என்னை நம்பறே?" என்று ஒருநாள் பன்றி கேட்டது. "விட்டது நான்தானே?"

"நம்பறேன்னு யார் சொன்னா?" என்றது சருகுமான். "நீ சந்தேகப்படறே. அது போதும். அங்க யாரும் சந்தேகப்படறதே இல்லை."

கிளம்பும்போது, "மத்தவங்ககிட்டயும் சொன்னேன்" என்றது. "ஒரு துண்டு கொண்டுபோய்க் காட்டுங்கன்னு. அவ்வளவு தூரம் யார் நடக்கிறதுன்னு கேக்கறாங்க. தினமும் நூறு பேர் தின்னுறாங்க, ஒருத்தர் ரெண்டு பேர்தானே சாகறாங்கன்னு சொல்றாங்க."



கோடையின் உச்சத்தில் ஒருநாள் சருகுமான் கொண்டுவந்த முதல் துண்டு கசப்புவள்ளி. போய் இரண்டாவதைக் கொண்டுவந்தது. அதுவும் கசப்புவள்ளி. நல்ல குவியல்கள் முன்னால் இருந்தவை. எல்லோரும் தின்று அவை தீர்ந்துபோயிருந்தன. பின்னால் வடக்குச் சரிவுக் கிழங்குகளே மிஞ்சியிருந்தன. மூன்றாவதையும் பன்றி முகர்ந்து தலையை ஆட்டியது.

"இன்னும் ஒரு தடவை போ" என்றது பன்றி. "இடது பக்கச் சுவரோரம் பாரு. அங்க நான் முகர்ந்த குவியல் ரெண்டு இருந்துச்சு. முதல் வாரத்துது."

சருகுமான் போனது.

குகைக்குள் குட்டி காலையிலிருந்து காத்திருந்தது. அம்மா மூன்று முறை கிழங்குத் துண்டோடு வெளியே போனதைப் பார்த்தது. பசி பொறுக்கவில்லை. அதன் பக்கத்திலேயே ஒரு குவியல் இருந்தது. மேலே ஆலிலை இருந்தது. ஆலிலை இருந்தால் தின்னலாம் என்று பிறந்த முதல் வாரத்திலேயே சருகுமான்தான் அதற்குச் சொல்லிக்கொடுத்திருந்தது.

சருகுமான் இடதுபக்கச் சுவரோரம் ஒரு நல்ல துண்டைத் தேடி எடுத்துக்கொண்டு திரும்பியபோது குட்டி மென்றுகொண்டிருந்தது. அம்மாவைப் பார்த்ததும் வாலை ஆட்டியது.

சருகுமான் அதன் வாயிலிருந்து கிழங்கைத் தட்டிவிட்டது. குட்டியைத் தள்ளித் தள்ளி வெளியே கொண்டுவந்தது. வெயிலில் நடத்தியது. ஓடை வரைக்கும் நடத்திவிட்டால் பன்றி ஏதாவது செய்யும் என்று நினைத்தது. பாதி வழியில் குட்டி உட்கார்ந்தது. பிறகு படுத்தது.

பன்றி மேடேறி வந்து பார்த்தது. முகர வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

இரண்டும் குட்டியின் இரண்டு பக்கமும் நின்றன. வெயில் சாயும்வரை நின்றன.

"போன வருஷம் தின்னாம செத்துச்சு. இந்த வருஷம் தின்னு செத்துச்சு" என்றது சருகுமான். அதன் குரலில் கோபம் இல்லை. "மைனாவைக் கேட்டதும் நான்தான். உன்னைக் கேட்டதும் நான்தான். வேற யாரைக் கேட்டிருக்கணும் அக்கா?"



அன்று மாலை குகை வாசலில் கருமந்தி பேசிக்கொண்டிருந்தது. இந்த வருடம் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு இலைகள் சரியாக இருந்தன என்றும், போன வருடம் பட்டினியில் செத்தவர்களைவிட இந்த வருடம் செத்தவர்கள் குறைவு என்றும் சொன்னது. அது பொய் இல்லை. மைனாக்கள் அடுத்த வருடத்துக்காகப் படித்துக்கொண்டிருந்தன.

மூன்று நாள் சருகுமான் எதுவும் தின்னவில்லை. நான்காம் நாள் குகைக்குள் போனது. வாய்க்கு எட்டும் தூரத்தில் இருந்த ஒரு குவியலின் முன்னால் நின்றது. அதிலிருந்து ஒரு கிழங்கை எடுத்தது. ஓடைப்பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. என்ன இலை என்றும் பார்க்கவில்லை. நின்ற இடத்திலேயே தின்றது.

நின்று பார்க்க நேரமும், 'தெரியவில்லை' என்று சொல்ல இடமும் கொடுக்காமல் ஒருவரைக் காவலுக்கு நிறுத்துவது, காவலே இல்லாமல் இருப்பதைவிடக் கொடியது.